மதுரைக்கு இரண்டு கடல்

மதுரை வீடுகளில் "ஒரு நாள் கடலுக்குப் போயிட்டு வரலாமா" என்று பேச்செடுத்தால் உடனே வந்து விழும் பெயர்கள் மூன்று: ராமேசுவரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி. மூன்றுமே கும்பிடப் போகிற ஊர்கள். சாமி கும்பிட்ட கையோடு கடலில் காலை நனைத்துவிட்டு வருவது நம் வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் பிள்ளைகள் ஆசை தீரத் தண்ணீரில் கிடக்க வேண்டும், தாத்தா பாட்டி நிழலில் உட்கார வேண்டும், ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்க வேண்டும் என்றால் ஊரின் பெயரை வைத்துக் கடலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதலில் என்ன மாதம் என்று பாருங்கள். அடுத்தது, வண்டியில் யார் யார் வருகிறார்கள் என்பது. ஊர் அதற்குப் பிறகுதான்.

மாதத்தை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், மதுரைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஒரு கடல் அல்ல, இரண்டு. ராமநாதபுரத்துக்குக் கிழக்கே நிலம் மண்டபம் வரை ஒடுங்கி நீள்கிறது. அதற்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பாக் விரிகுடா ஆழமில்லாதது. பெரும்பகுதியில் பதினைந்து மீட்டர்கூடத் தேறாது. மன்னார் வளைகுடா தெற்கே போகப் போக ஆழமாகி இந்தியப் பெருங்கடலோடு சேர்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். சாலையில் நின்று இடமும் வலமும் திரும்பிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

மே முதல் செப்டம்பர் வரை அடிப்பது தென்மேற்குக் காற்று. மீனவர்கள் கச்சான் என்பார்கள். அது மன்னார் வளைகுடாவைக் கிளப்பிவிடும். ஜூன், ஜூலையில் தனுஷ்கோடியின் தென்பக்கத்தில் அலை தடுப்புக் கற்களில் மோதிச் சாலையில் வந்து தெறிக்கும். அதே நாளில், அரை மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள பாக் விரிகுடாக் கரையில் தண்ணீர் கண்மாய்போல் கிடக்கும். அக்டோபரில் காற்று திரும்புகிறது. வாடை வடகிழக்கிலிருந்து வந்து பாக் விரிகுடாவில் நேராக மோதும். தண்ணீர் சேறாகக் கலங்கும், அறுந்த கடற்புல் கரையில் குப்பை குப்பையாக ஒதுங்கும். அந்த மாதங்களில் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி ஓரமான தென்கரைதான் காற்று மறைவு.

ஆகவே கோடை விடுமுறைக்கு வடகரை, அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் தென்கரை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை இரண்டும் அடங்கியிருக்கும். வேலை நாளில் ஒருநாள் விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

கச்சான் காலத்து வடகரையில் ஒரு ஆபத்து மறைந்திருக்கிறது, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். அப்போது காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அலை இல்லாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான். காற்றடைத்த டியூபிலோ பிளாஸ்டிக் மிதவையிலோ குழந்தையை உட்கார வைத்தால் அலை எதுவும் இல்லாமலே அது உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும். இடுப்பளவு நீரில் நிற்கிற அப்பா இரண்டு நிமிடம் போனைப் பார்த்தால் போதும், மிதவை ஆள் நடந்து எட்ட முடியாத தூரத்தில் இருக்கும். டியூபை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைப் பெரியவர் ஒருவர் கையில் சுற்றிக்கொண்டு நிற்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தித்தாளில் இரண்டு செய்திகளைத் தேடுங்கள். பாம்பன் துறைமுகத்திலோ தூத்துக்குடியிலோ புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்பது ஒன்று. எந்த எண்ணாக இருந்தாலும் பயணத்தைத் தள்ளி வையுங்கள். மற்றொன்று இன்காய்ஸ் என்கிற ஹைதராபாத் கடல் தகவல் மையம் வெளியிடும் உயர் அலை எச்சரிக்கை. இதில் கள்ளக்கடல் என்ற சொல் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எங்கோ தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்த புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றோ மழையோ இல்லாத வெயில் நாளில் கரையேறுவதுதான் அது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இப்படியொரு எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதுதான். வானம் தெளிவாக இருந்தது என்பது கடலைப் பற்றி எதையும் சொல்லாது.

குழந்தைகளோடு போவோருக்கு: அரியமான்

ஐந்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும் ஒரே வண்டியில் வருகிறார்கள், மாதம் மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் என்றால் யோசிக்கவே வேண்டாம், அரியமானுக்குப் போங்கள். மதுரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை. பிறகு ராமநாதபுரம் தாண்டி, உச்சிப்புளிப் பக்கம் பிரதான சாலையிலிருந்து வடக்கே திரும்ப வேண்டும். கார் இல்லாதவர்கள் ராமேசுவரம் பயணிகள் ரயிலில் உச்சிப்புளியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். திரும்பும் ரயில் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், ஆட்டோக்காரரிடமும் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அரியமானின் பெரிய சொத்து கரையை ஒட்டி நிற்கும் சவுக்கு மரங்கள். நம் கடற்கரைகளில் நிழல் அரிது. பதினொரு மணிக்கு மேல் மணல் கொதிக்கும்போது மற்ற இடங்களில் வண்டிக்குள் ஏசியைப் போட்டு அடைந்து கிடக்க வேண்டியதுதான். இங்கே சவுக்கின் கீழ் பாய் விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். பெரியவர்கள் ஒரு தூக்கம் போடலாம். கடல் மெல்லச் சரிகிறது. கணிசமான தூரம் உள்ளே நடந்த பிறகும் இடுப்பளவு நீர்தான். அலைக்கு ஆசைப்பட்டு வரும் கல்லூரிப் பையன்களுக்கு இது சப்பென்று இருக்கும். அவர்களை உத்தேசித்து இந்த இடத்தைச் சொல்லவில்லை.

ஆழம் இல்லாவிட்டாலும் தரையைக் கவனியுங்கள். பாக் விரிகுடாவின் அடியில் கடற்புல் வெளிகள் உண்டு. ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசு மேய்கிற புல் அது. இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022இல் இதே விரிகுடாவின் வடபகுதியில்தான் அறிவிக்கப்பட்டது. புல்லுக்கும் சேற்றுமணலுக்கும் இடையே திருக்கை மீன் மண்ணைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். அது தேடி வந்து தாக்காது. நாம் அதன் முதுகில் மிதித்தால்தான் வாலில் உள்ள முள்ளால் அடிக்கும். எனவே தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைத்து நடக்காதீர்கள். பாதத்தைத் தரையோடு உரசி, மணலைத் தள்ளிக்கொண்டே நடங்கள். அதிர்வு பட்டதும் திருக்கை விலகிப் போய்விடும். பிள்ளைகளுக்கு இதை ரயில் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் கரையிலேயே பழகிவிடுவார்கள். முள் குத்திவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்தால் வலி குறையும். அதோடு விடாமல் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

அரியமானில் கூட்டம் அதிகமாக இருந்தால் பக்கத்திலேயே பிரப்பன்வலசை இருக்கிறது. அதே கடல்தான், சந்தடி குறைவு.

தேவிபட்டினத்தைப் பலரும் கடற்கரை என்று நினைத்துக் கேட்கிறார்கள். அங்கே கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைச் சுற்றி வந்து வழிபடுவார்கள், பரிகாரம் செய்வார்கள். பிள்ளைகள் விளையாடும் இடமல்ல. அதற்கும் வடக்கே காரங்காட்டில் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து நடத்தும் படகுச் சவாரி உண்டு. அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். குளிப்பதில் நாட்டமில்லாத, பறவை பார்க்கப் பிடித்த குடும்பத்துக்கு அரியமானைவிட இதுவே நல்ல நாளாக அமையும். காலையில் போனால்தான் பறவைகள். தொண்டி, தூரத்தில் மற்ற எல்லாவற்றையும்விட மதுரைக்குக் கிட்டே இருக்கிறது. சிவகங்கை, காளையார்கோயில் வழியாக 120 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் கரை சேறு. மீன் வாங்க, கடலைப் பார்த்துவிட்டு வரப் போகலாம், குளிக்க வேண்டாம்.

தனுஷ்கோடி: பார்க்க மட்டும்

தனுஷ்கோடிக்குப் போகாமல் இருக்க உங்களுக்கு மனம் வராது, எனக்கும் வராது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயல் ஓர் ஊரையே எடுத்துக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து வந்த ரயில் அலையில் மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்னும் நிற்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்ட பிறகு மணலில் ஜீப்பில் குலுங்கிப் போக வேண்டிய தேவை இல்லை. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அங்கே மீனவக் குடும்பங்கள் மணலைக் கையால் தோண்டி ஊற்றெடுத்து நல்ல தண்ணீர் எடுப்பார்கள். இருபுறமும் உப்புக்கடல், நடுவில் குடிக்கிற நீர். யாரையாவது கேட்டால் காட்டுவார்கள்.

ஆனால் அரிச்சல்முனையில் தண்ணீரில் இறங்காதீர்கள். இரண்டு கடலின் நீரோட்டமும் ஒன்றையொன்று அறுக்கும் முனை அது. மணலின் விளிம்பு நாளுக்கு நாள் இடம் மாறும். நேற்று முழங்காலளவு இருந்த இடத்தில் இன்று ஆளை முழுங்கும் ஆழம் இருக்கும். மாலையானால் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே மதுரையிலிருந்து வருபவர்கள் காலையில் நேரே தனுஷ்கோடி, திரும்பும் வழியில் மதியத்துக்கு மேல் அரியமான் என்று வைத்துக்கொள்வது நல்லது. அமாவாசையன்று, குறிப்பாக ஆடி, தை அமாவாசைகளில், இந்தப் பக்கமே வராதீர்கள். அது முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்களின் நாள்.

தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு

தூத்துக்குடிக்கு நான்கு வழிச் சாலை. அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக சுமார் 145 கிலோமீட்டர். போகிற வழியில் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்துவிடலாம். முத்துநகர் கடற்கரையில் ஊரே மாலையில் காற்று வாங்கும். வண்டியை விட்டு இறங்கியதும் கடல் கண்ணெதிரே இருப்பதால் நடக்க முடியாத பெரியவர்களைக் கூட்டிப்போக இதுதான் வசதி. குளிக்க ஏற்ற இடமல்ல. மக்ரூன் வாங்கிக்கொண்டு, ராத்திரி பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவதே இந்தப் பயணத்துக்குப் போதுமான காரணம். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. ஊருக்குள் வண்டி நகராது.

திருச்செந்தூரில் கடல் கோயிலின் வாசலில் இருக்கிறது. அதுவே அதன் அழகும் சிக்கலும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கும்போது பச்சைப்பாசி படிந்த பாறைகள் வெளியே தெரியும். அதன்மேல் ஏறிப் படம் எடுக்காதவர்களே கிடையாது, வழுக்கி விழுந்து கை காலை முறித்துக்கொள்பவர்களும் உண்டு. கரை அரிப்பால் சில மாதங்களில் படிக்கட்டை அடுத்து ஆளுயரத்துக்குப் பள்ளம் விழுந்துவிடுகிறது. சஷ்டி, விசாகம், மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் நாட்கள் ஆகியவற்றை விட்டுவிட்டுப் போங்கள். கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

அங்கிருந்து தெற்கே குலசேகரப்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணல்மேடு, மேலே தேவாலயம், அடியில் 1542இல் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. மேட்டின் ஒரு பக்கம் அலை அடிக்கும், மறுபக்கம் அமைதியாக இருக்கும். தென்கரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மதுரையிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஆவதால் சின்னப் பிள்ளைகள் இல்லாத, விடியுமுன் கிளம்பத் தயாரான கூட்டத்துக்கு மட்டும் சொல்வேன். ஆடிக் காற்றில் மணல் கண்ணில் அறையும். தசரா சமயத்தில் குலசைச் சாலை முழுக்க வேடம் கட்டிய பக்தர்கள் நடப்பார்கள். அப்போதும் வேண்டாம்.

பொங்கல் விடுமுறைக்கு இந்தப் பெரிய ஊர்களை எல்லாம் விட்டுவிட்டு அருப்புக்கோட்டை, பெருநாழி, சாயல்குடி வழியாக மாரியூர் கரைக்குப் போய்ப் பாருங்கள். வசதி என்று எதுவும் இருக்காது. கழிப்பறை, உடை மாற்றும் இடம் எல்லாவற்றுக்கும் சாயல்குடியிலேயே ஏற்பாடு செய்துகொண்டு போக வேண்டும். பெண்கள் அதிகம் வரும் கூட்டத்துக்கு அதனாலேயே இதைச் சொல்லத் தயங்குகிறேன். பனங்காட்டுக்குள் போகிற சாலை. பங்குனி, சித்திரையில் போனால் பதநீரும் நுங்கும் கிடைக்கும்.

கன்னியாகுமரி சுமார் 245 கிலோமீட்டர். சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் இரவு முழுக்க வண்டி ஓட்ட வேண்டும், தூக்கமில்லாத அதே ஓட்டுநர்தான் திரும்பவும் ஓட்டுவார். அதை இரண்டு நாள் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்குவதற்கு முன்

உள்நாட்டுக்காரர்களில் அதிக ஆபத்தில் இருப்பவர் நீச்சல் தெரியாதவர் அல்ல. அவர் பயந்து முழங்காலோடு நின்றுவிடுவார். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகியவர்தான் துணிந்து உள்ளே போகிறார். கிணற்றுத் தண்ணீர் எங்கேயும் நகராது. கடல் நம்மை வைத்துக்கொண்டே நகரும்.

மன்னார் வளைகுடாக் கரையில் எங்கே இறங்கினாலும் முதலில் ஐந்து நிமிடம் அலை உடையும் வரிசையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஓர் இடத்தில் மட்டும் உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருத்து, கலங்கிய மணலும் நுரையும் கடலை நோக்கிப் போவது தெரிந்தால் அதுதான் இழுப்பு. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. அலை இல்லையே என்று புதிதாக வருபவர்கள் பிள்ளைகளோடு அந்த இடத்தில்தான் இறங்குகிறார்கள். அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு கரை திரும்புங்கள். மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு குதிப்பதால்தான் ஒருவர் போக வேண்டிய இடத்தில் மூவர் போகிறார்கள். தண்ணீர் கொண்டுவந்த இருபது லிட்டர் கேன் காலியானதும் மூடியை இறுக்கி, கழுத்தில் நீளக் கயிறு கட்டிக் கரையிலேயே வையுங்கள். எறிந்தால் மிதக்கும், இரண்டு பேரைத் தாங்கும்.

வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய்க் கேளுங்கள். ராமநாதபுரம் பக்கம் "அண்ணே", தூத்துக்குடிப் பக்கம் "அண்ணாச்சி". "இங்க இறங்கிக் குளிக்கலாமா, இழுப்பு இருக்கா?" அவர் கையைக் காட்டி "அந்தப் பக்கம் போங்க" என்றால் அந்தப் பக்கம் போங்கள். காரணம் கேட்டு நிற்க வேண்டாம்.

சேலையும் நைட்டியும் நனைந்தால் காலைச் சுற்றும். சுடிதாரோ அரைக்கால் சட்டையோதான் பாதுகாப்பு. ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில். சொறிமீன் பட்டு எரிந்தால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், குடிநீராலும் கழுவாதீர்கள். கடல்நீரையே ஊற்றிக் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, ஆம்புலன்ஸ் 108.

காலை நாலரைக்கு மதுரையை விட்டால் ஏழரைக்குக் கரையில் இருப்பீர்கள். அந்த நேரத்தில் கடற்காற்று எழுந்திருக்காது, தண்ணீர் தெளிவாக இருக்கும். பத்து, பத்தரைக்குக் கரையேறிவிடுங்கள். மறுபடி இறங்க மூன்றரைக்கு மேல். ராமநாதபுரம் மாவட்டத்தில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. குடிக்கவும் உடம்பை அலசவும் தனித்தனியாகத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலை கூடும், ஆனால் அன்றன்றைக்குப் பிடித்ததாக இருக்கும். முரலும் நண்டும் கிடைத்தால் விடாதீர்கள்.

கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பிள்ளைகள் பொறுக்கினால் அங்கேயே போடச் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா. பவளம் செத்ததாக இருந்தாலும் எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடையில் யாராவது நீட்டினாலும் வாங்க வேண்டாம். திரும்பும்போது இருட்டுவதற்கு முன் பரமக்குடியை எட்டிவிடப் பாருங்கள். ராமநாதபுரத்துக்கும் பரமக்குடிக்கும் இடையே சாலை குறுகல், ஆடு மாடுகள் குறுக்கே வரும், எதிரே ராமேசுவரம் போகும் சுற்றுலாப் பேருந்துகள் வேகமாக வரும்.